ஒலி கேட்டது, உமிழ்நீர் சுரந்தது



‘புளியங்காய்’ என்று யாராவது சொன்னாலே நம் நாவில் நீர் ஊறுகிறது. காயோ கையில் இல்லை. பெயர் மட்டுமே காதில் விழுந்தது. அப்படியிருந்தும் நீர் ஊறுவானேன்? இதற்கு ஆராய்ச்சி வழியே விடை தேடியவர் இவான் பாவ்லோவ் என்னும் ரஷ்ய அறிஞர்.

1849ஆம் ஆண்டில் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த இவர், உணவு செரிக்கும் விதத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆராய்ச்சியிலேதான் ஒரு புதுமையைக் கண்டார். உணவு வாயில் படுமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது. இதைச் சோதிக்க எண்ணிய பாவ்லோவ், தாளம் தட்டும் கருவியின் ஒலியை எழுப்பி, உடனே உணவு கொடுத்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைத்தது. பிறகு உணவு கொடுக்காமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினார். சுரப்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

மனிதருக்கும் இது பொருந்துமா? 1920இல் அமெரிக்காவில் வாட்சன், ரேனர் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். 11 மாதக் குழந்தை ஒன்று வெள்ளை எலியைத் தொடப் போனபோது, அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைக்குப் பின், சத்தமே இல்லாதபோதும் எலியைக் கண்டு குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமலே சோதனையை முடித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய குற்றம்!

போக்கும் வழியை 1924இல் எழுதிக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி. பீட்டர் என்ற சிறுவனுக்கு ஏறத்தாழ 3 வயது. முயல் என்றால் நடுக்கம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையில் கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான்.

பெற்றோர்களே! பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ஏச்சும் அடியும் விழுந்தால், நாளடைவில் புத்தகமே பிரம்பாகத் தோன்றும். ஆசிரியனாகிய நானும் பிரம்பெடுத்தவன்தான். அதைக் கீழே வைத்த பிறகும் சில பிள்ளைகள் என் காலடி ஓசைக்கே நடுங்கினார்கள். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆனால் பழகிய அச்சத்தை அன்பாலும் பொறுமையாலும் மாற்றலாம். இன்றிரவு பிள்ளையை அருகில் அமர்த்தி, தின்ன ஏதேனும் கொடுத்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.