தையலற்ற உள்ளாடை

‘பனியன்’ என்ற சொல், வணிகனைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியம், ஆங்கிலம் வழியாக வந்தது. உடுத்தியவன் பெயர் உடுப்பில் ஒட்டிக்கொண்டது. தைத்தவர் பெயர் ஒட்டவில்லை. திருப்பூரின் உள்ளாடை வரலாற்றை நான் இங்கிருந்துதான் வாசிக்கிறேன்.

1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம். அன்று தையல் மிஷின்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிறகு உற்பத்தி ஜாப் ஒர்க் யூனிட்டுகளாகச் சிதறியது. ஏற்றுமதி பெருகப் பெருக பெண்கள் உள்ளே வந்தார்கள். கைமடி, செக்கிங், அப்புறம் ஓவர்லாக். சங்கம் தளர்ந்த இடத்தில்தான் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்பதை முதலாளிகளும் பேசுவதில்லை, தோழர்களும் அதிகம் பேசுவதில்லை.

இனி ‘சீம்லெஸ்’தான் என்கிறார்கள். உடம்பின் சுற்றளவுக்கே குழாய்போலப் பின்னித் தள்ளும் மிஷின். பக்கத் தையல் கிடையாது, கட்டிங் வேஸ்ட்டும் குறைவு. நூலும் பெரும்பாலும் பருத்தியல்ல, நைலானும் எலாஸ்டேனும். உடம்பை உறுத்தாத ஆடை என்பது விளம்பரத்தின் சொல்லாடல். (உறுத்தாதுதான், மறுக்கவில்லை.) ஆனால் பழந்தமிழில் ‘தையல்’ என்றால் பெண்ணும்தான். தையலே இல்லை என்று அவர்கள் பெருமைப்படும்போது எனக்கு இரண்டு அர்த்தமும் சேர்ந்தே கேட்கிறது. பக்கம் மூட்டி பீஸ்ரேட் வாங்குகிறவள் எங்கே போவாள், மறுபடி கைமடிக்கா?