முள் என்று பெயர் கொண்ட எழுத்து

கி.பி. 597இல் அகஸ்தீன் என்ற துறவி ரோமிலிருந்து புறப்பட்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வந்து இறங்கினார். அவருடைய சமயத்தோடு லத்தீன் எழுத்தும் அந்தத் தீவுக்கு வந்தது. அதை வைத்து உள்ளூர்ப் பேச்சை எழுத உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. அவர்கள் வாயில் ஓயாமல் புரண்ட ஓர் ஒலிக்கு லத்தீனில் எழுத்தே இல்லை.

அந்த ஒலியின் ஒரு பாதி நமக்குத் தெரிந்ததுதான். ‘அது’, ‘காது’ என்று சொல்லும்போது நடுவில் வரும் த கிட்டத்தட்ட அதேதான். மறு பாதி, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் குரல் சேராமல் மூச்சை மட்டும் விட்டால் வருவது. இன்றைய ஆங்கிலத்தில் ‘திஸ்’ முதல் வகை, ‘திங்க்’ இரண்டாம் வகை. இரண்டையும் எழுத ஆங்கிலேயர்கள் இப்போது டி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளை ஒட்ட வைக்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் அவர்களிடம் இதற்கென்றே ஓர் எழுத்து இருந்தது. அதன் பெயர் தோர்ன். முள் என்று பொருள்.

அது லத்தீனில் பிறந்த எழுத்தல்ல. ஜெர்மானிய மக்கள் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் கீறிய ரூன் எழுத்து வரிசையில் அது மூன்றாவது. வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்த வரிசைக்கே ‘ஃபுதார்க்’ என்று பெயர். அதன் நடுவில் வரும் ‘த்’ நம் கதாநாயகன். ஒரு நேர்க்கோட்டை நிறுத்தி, அதன் வலப்பக்கத்தில் நடுவே ஒரு முக்கோண முனையைச் செதுக்கினால் எழுத்து முடிந்தது. ரூன் எழுத்துகளில் வளைவு அரிது, கத்தி முனைக்கு நேர்க்கோடே எளிது. ஸ்காண்டிநேவியாவில் இதை அரக்கன் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். இங்கிலாந்தில் முள் என்றார்கள். வடிவத்தைப் பார்த்தால் தண்டில் முளைத்த முள்ளேதான்.

பழைய ஆங்கிலத்தில் ரூன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு செய்யுள் உண்டு. முள்ளுக்கும் உண்டு; தொடுபவரைக் குத்தும் அதன் கூர்மையைப் பற்றியது. அந்தப் பாடல் இருந்த ஒரே கையெழுத்துப் பிரதி 1731இல் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் பிடித்த தீயில் போய்விட்டது. ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற அறிஞர் 1705லேயே அதை அச்சில் ஏற்றியிருந்ததால் பாடல் மட்டும் தப்பியது. ஏட்டுச் சுவடிகள் கரையானுக்கும் அடுப்புக்கும் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இருபத்தாறு ஆண்டு இடைவெளி எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

துறவிகள் முதலில் லத்தீன் எழுத்துகளை வைத்தே சமாளிக்கப் பார்த்தார்கள். சில இடங்களில் டி, ஹெச் சேர்த்து எழுதினார்கள், சில இடங்களில் ‘நாடு’ என்பதில் வரும் ‘ட’ ஒலிக்குரிய எழுத்தையே போட்டார்கள். பிறகு அந்த எழுத்தின் தலையில் குறுக்கே ஒரு கோடு கிழித்து ‘எத்’ என்ற எழுத்தை உண்டாக்கினார்கள். அதோடு ரூன் வரிசையிலிருந்து முள்ளையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய சமயத்தாரின் எழுத்தென்று ஒதுக்காமல் பைபிள் எழுதும் தோலில் அதற்கு இடம் கொடுத்த அந்தத் துறவிகளை எனக்கு மிகவும் பிடிக்கும். கத்தியிலிருந்து இறகுப் பேனாவுக்கு வந்ததும் முக்கோண முனை வட்டமான வயிறாகியது. ஆங்கிலச் சிறிய ‘பி’ எழுத்தின் தண்டை மேலேயும் நீட்டிவிட்டால் அந்த வடிவம் கிடைக்கும்.

எத், தோர்ன் இரண்டும் இரண்டு ஒலிகளுக்காகப் பிரித்துக்கொள்ளப்பட்டவை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் எழுதுவார். படிப்பவர் இடம் பார்த்து ஒலித்துக்கொள்வார். ‘பத்து’விலும் ‘அது’விலும் ஒரே த-வை வேறு வேறாக ஒலிக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட பேவுல்ஃப் காவியத்தின் ஒரே பிரதியில் இரண்டு எழுத்தும் கலந்தே கிடக்கின்றன. அந்தப் பிரதியும் 1731 தீயில் ஓரம் கருகியது.

1066இல் நார்மன்கள் வந்து ஆட்சி மொழி பிரெஞ்சு ஆனபின் எழுத்தர் பயிற்சியும் மாறியது. 1300ஐ ஒட்டி எத் மறைந்தது. பதினான்காம் நூற்றாண்டில் டி, ஹெச் இணை மெல்லத் திரும்பி வந்தது. முள் அப்போதும் சாகவில்லை. ‘தி’, ‘தட்’, ‘தவ்’ போன்ற, வரிக்கு வரி வரும் குட்டிச் சொற்களில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. வேகமாக எழுதுவோர் ‘தி’ என்பதற்கு முள்ளைப் போட்டு அதன் தலைமேல் பொடியாக ஓர் ‘ஈ’ எழுத்தை ஏற்றினார்கள். ‘தட்’ என்பதற்கு முள்ளின் மேல் ஒரு பொடி ‘டி’.

அதன் வீழ்ச்சி எழுதும் கையிலேயே தொடங்கியது. முள்ளின் மேல்தண்டு தலைமுறைக்குத் தலைமுறை குட்டையானது. வயிற்றின் மேற்பக்கம் மூடாமல் விடப்பட்டது. மேலே திறந்து கீழே வாலோடு நிற்கும் எழுத்து ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது: ஒய். இங்கிலாந்தின் வடபகுதி எழுத்தர்கள் பலர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினார்கள். தெற்கே வித்தியாசம் கூடுதல் காலம் நின்றது. குழப்பம் வரக்கூடாதென்று சிலர் ஒய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி இருந்தால் ஒய், இல்லாவிட்டால் முள்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அவர் தொழில் கற்றது கொலோன் நகரில், முதலில் அச்சிட்டது ப்ரூஷ் நகரில். அச்செழுத்து வார்க்கும் தொழிலும் ஐரோப்பியப் பெருநிலத்தில்தான் இருந்தது, அங்கே முள் யாருக்கும் தேவைப்படவில்லை. இல்லாத எழுத்துக்குக் கையெழுத்தில் பார்க்க அதே போலிருந்த ஒய் வந்து உட்கார்ந்தது. வரி இறுதியில் இடம் போதாதபோது ‘தி’ என்ற சொல்லை ஒய்யும் அதன் மேல் ஒரு பொடி ‘ஈ’யுமாகக் கோத்துவிடுவார்கள். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் அச்சில் யோவான் 15ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் அதைக் காணலாம். 1616இல் இறந்த ஷேக்ஸ்பியரின் கல்லறைக் கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன வில்லியம் பிராட்ஃபோர்டு தன் குடியேற்றத்தின் வரலாற்றைக் கைப்பட எழுதியபோது பக்கத்துக்குப் பக்கம் இதையே எழுதினார்.

அவர்களில் யாரும் அதை ‘யீ’ என்று படிக்கவில்லை. கண்ணுக்கு ஒய், வாய்க்கு ‘தி’. படித்தவர்களும் எழுதியவர்களும் இதை அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவு தொலைந்தது பின்னால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் பழமை மோகம் பிடித்தது. மதுக்கடைகளும் தேநீர்க் கடைகளும் பலகையில் பழைய பாணி எழுத்தில் ‘யீ ஓல்ட்’ என்று போட்டுக்கொண்டன. லண்டன் ஃப்ளீட் தெருவில் 1666 பெருந்தீக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்ட செஷையர் சீஸ் விடுதியின் பெயரிலும் அது நிற்கிறது. பலகையைப் படித்தவர்கள் ‘யீ’ என்றே உரக்கச் சொன்னார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘யீ’ என்று வேறொரு சொல் உண்மையாகவே இருந்தது இன்னும் வசதியாகிவிட்டது. அது நம் ‘நீங்கள்’. ‘தவ்’ என்பது ‘நீ’. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வழக்கொழிந்து இன்று ‘யூ’ ஒன்றே எல்லோருக்கும் போதும் என்றாகிவிட்டது. இறந்துபோன ‘நீங்கள்’ என்ற சொல்லும் ‘தி’யின் மாறுவேடமும் ஒரே எழுத்துக் கூட்டல் ஆனதால், பலகையில் இருப்பது பழைய சொல் என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. அந்தப் பலகைகளை ‘தி’ என்று படிப்பதே அந்தக் காலத்துக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் ணை, லை, றா போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் போன கதை வேறு விதம். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஆதரித்தவர் பெயரும் உண்டு, எதிர்த்தவர் பெயரும் உண்டு. முள்ளை நீக்கச் சொல்லி இங்கிலாந்தில் யாரும் ஆணை போடவில்லை. அதைக் காக்க யாரும் வழக்காடவும் இல்லை. ஒலி அப்படியே இருக்க, அதற்கென்றே பிறந்த எழுத்து மட்டும் கவனிப்பாரில்லாமல் போனது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆனால் அதற்கு முன்பே முள் கடல் தாண்டிவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுத்திலக்கணம் ஒன்று எழுதினார். ஆய்வாளர்கள் அவரை ‘முதல் இலக்கணி’ என்கிறார்கள். லத்தீன் எழுத்தை எடுத்து, போதாததைச் சேர்த்துத் தங்கள் மொழியை எழுதும் ஆங்கிலேயரை அவர் முன்னுதாரணமாகக் காட்டினார். தன் மொழிக்குச் சேர்க்க வேண்டியவற்றில் முள்ளையும் வைத்தார். எழுத்தோடு அதன் ஆங்கிலப் பெயரும் அங்கே நிலைத்தது. இன்றும் ஐஸ்லாந்துப் பிள்ளைகள் அரிச்சுவடியில் அதைப் படிக்கிறார்கள். கி.பி. 930 முதல் மக்கள் மன்றம் கூடிய திங்வெட்லிர் சமவெளியின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ‘நீ’ என்பதற்கு அவர்கள் சொல் ‘தூ’, முள் போட்டு எழுதுவார்கள். ஆங்கிலத்தின் ‘தவ்’ உடன்பிறந்த சொல் அது.

பேவுல்ஃப் காவியம் உலகுக்கு முழுதாகக் கிடைத்ததும் ஓர் ஐஸ்லாந்துக்காரரால்தான். கிரிமூர் யோன்சன் தோர்கேலின், டென்மார்க்கில் ஆவணக் காப்பாளராக இருந்தவர். டேனியர் பற்றிய பழைய செய்திகளைத் தேடி 1786இல் பிரிட்டனுக்கு வந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் கருகிய அந்தச் சுவடியை ஒருமுறை ஆள் வைத்தும் ஒருமுறை தானே உட்கார்ந்தும் படியெடுத்தார். 1807இல் பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் மேல் குண்டு பொழிந்தபோது அவர் வீடு எரிந்து, பதிப்புக்கான உழைப்பெல்லாம் போயிற்று. படிகள் இரண்டும் பிழைத்தன. 1815இல் நூல் அச்சேறியது. மூலத்தின் கருகிய ஓரங்கள் பின்னால் உதிர்ந்துவிட்டதால், பல இடங்களில் எழுத்துகளை இன்று அவர் படிகளிலிருந்துதான் மீட்கிறார்கள். தோர்கேலின் என்ற பெயரின் முதல் ஒலியே முள்ளின் ஒலிதான்.

ஒலியியலாளர்கள் உலக ஒலிக்குறி வரிசை வகுத்தபோது குரல் சேர்ந்த ஒலிக்கு எத்தை எடுத்துக்கொண்டார்கள். குரல் சேராததற்குக் கிரேக்கத் ‘தீட்டா’வை வைத்தார்கள். முள்ளுக்கு அங்கேயும் இடமில்லை. கணினிதான் கைகொடுத்தது. 1987இல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று வகுக்கப்பட்ட எட்டு பிட் எழுத்துத் தரத்தில் ஐஸ்லாந்துக்காகப் பெரிய முள்ளுக்கு 222ஆம் எண்ணும் சிறிய முள்ளுக்கு 254ஆம் எண்ணும் கிடைத்தன. பிறகு துருக்கி மொழிக்கு இடம் தேவைப்பட்டபோது, ஐஸ்லாந்து எழுத்துகளின் ஆறு இடங்களையும் எடுத்துத் துருக்கிக்குக் கொடுத்துத் தனியாக ஒரு தரம் வகுத்தார்கள். முள் இருந்த எண்ணில் வால் முளைத்த துருக்கி ‘எஸ்’ வந்தது. ஒரு தரத்தில் எழுதியதை மற்றதில் திறந்தால் முள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த எஸ் நிற்கும். யூனிகோடு வந்தபின் இரண்டுக்கும் தனித்தனி எண் கிடைத்தது, ஐஸ்லாந்தும் துருக்கியும் இப்போது ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.