யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியும் மலாயா உத்தியோகமும்: ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குப் படித்த இளைஞர்கள் பெயர்ந்து சென்றதை வறுமையின் விளைவாக மட்டும் விளக்கிவிட இயலாது. தமிழகத்திலிருந்து, ஆளெடுத்து மேற்பார்க்கும் கங்காணிகளின் வழியே தோட்டத் தொழிலாளராகச் சென்றோரைப் போலன்றி, இவர்களுக்குக் கைமுதலாக இருந்தது ஆங்கிலக் கல்வி. அக்கல்வி உத்தியோகத்துக்கு வழிவிட்டது என்பது பலரும் எடுத்துரைத்த செய்தி. கடல்கடந்த உத்தியோகம் ஊரின் கல்வியையும் குடும்ப வாழ்வையும் மாற்றியமைத்த விதம் அதே அளவுக்கு ஆராயத்தக்கது.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி எனப்பட்ட உயர்கல்விக் கூடத்தை நிறுவினர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒருங்கே கற்பிக்கப்பட்ட அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். எனினும், மாணவர் பலர் சமயப் பணியை விடுத்து உத்தியோகத்தையே நாடினர் என்ற மனக்குறை மிஷன் தலைமைக்கு இருந்தது. 1855 இல் செமினரி மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. நிறுவனம் மறைந்தபோதும் அதன் கல்விக்கான தேவை மறையாமையால், 1872 இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

சைவர் தரப்பிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை தமிழையும் சமயத்தையும் முதன்மைப்படுத்தியது. ஆனால், உத்தியோகம் தேடும் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளுக்குச் செல்வதைத் தடுக்க வேண்டுமாயின் ஆங்கிலமும் சைவச் சூழலிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்பது பின்னர் தெளிவாகவே, 1888 இல் அமைந்த சைவ பரிபாலன சபை ஆங்கிலப் பள்ளியொன்றைப் பொறுப்பேற்று நடத்த, அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

பள்ளிகள் பெருகிய அளவுக்கு இலங்கையில் பதவிகள் பெருகவில்லை. அதேவேளை, 1874 ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் மலாய் அரசுகளில் பிரித்தானிய நிர்வாகம் வேரூன்றியது. தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்த முதல் ரயில்பாதை 1885 இல் திறக்கப்பட்டது. 1896 இல் நான்கு அரசுகள் கூட்டாட்சியாக இணைந்தன. ரயில்வே, நில அளவை, கருவூலம் முதலிய துறைகளுக்கு, குறைந்த சம்பளத்தில் ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்தோர் தேவைப்பட்டனர். இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து வந்து பின்னர் ரயில்வேயின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சி. இ. ஸ்பூனர் போன்ற அதிகாரிகள், தாம் முன்பே அறிந்திருந்த யாழ்ப்பாணத்தவரை வரவழைத்தனர். முதலில் சென்றவர் உடன்பிறந்தாரையும் மைத்துனரையும் அழைத்துக்கொள்ள, கிராணி எனப்பட்ட எழுத்தர் பணியும் நிலைய அதிபர் பணியும் உறவு வழியே பரவின.

மலாயாச் சம்பளம் மணியோடராக ஊர் திரும்பியபோது கல்வீடுகள் எழுந்தன, கோயில்களும் பள்ளிகளும் நன்கொடை பெற்றன, மலாயா மாப்பிள்ளையை முன்னிட்டுச் சீதனமும் உயர்ந்தது. ஓய்வூதியத்துடன் ஊருக்கு மீண்ட ‘மலாயன் பென்சனியர்’ தனி மதிப்புப் பெற்றார். இவ்வாறு வெளிநாட்டு அலுவலகத்தின் தேவையே ஊர்ப் பள்ளியின் பாடத்தையும் மாணவனின் இலக்கையும் பெருமளவு தீர்மானித்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் குடியேறியோரோ கோயில்களையும் சங்கங்களையும், 1904 இல் விவேகானந்த ஆசிரமத்தையும் நிறுவி, அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் மலாயும் வீட்டில் தமிழுமாக வாழ்ந்தனர்.

இந்த உத்தியோகத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருந்தது. உயர் நிர்வாகப் பணியான மலாயன் சிவில் சர்வீஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியருக்கென வரையறுக்கப்பட்டது. பின்னர் மலாய்க்காரருக்கு மட்டும் அதில் ஓரளவு இடம் கிடைத்தது. தந்தையர் தலைமை எழுத்தர் நிலைக்கு அப்பால் செல்ல இயலாத சூழலில், வசதி வாய்த்த குடும்பங்களின் பிள்ளைகள் நியமனத்தை நம்பியிராத சட்டத்தையும் மருத்துவத்தையும் நாடினர். வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, சட்டம் பயில லண்டன் சென்ற எஸ். ராஜரத்தினம், பத்திரிகையாளராகி 1965 இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானது, அத்தலைமுறையின் திசைமாற்றத்துக்குச் சான்றாகும்.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி மணியோடரையும் கப்பல் பயணத்தையும் துண்டித்தது; 1948 இல் இலங்கையும் 1957 இல் மலாயாவும் விடுதலை பெற்றபின், இரு கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் ஒரு குடியுரிமையைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. மலாயாவில் பிறந்து அங்கேயே பயின்ற தலைமுறைக்கு யாழ்ப்பாணப் பள்ளியின் தேவை அற்றுப்போக, பிள்ளையின் படிப்பில் முதலிடும் குடும்ப வழக்கம் மட்டும் புதிய நாட்டின் தொழில்களை நோக்கித் தொடர்ந்தது. ஆகவே, யாழ்ப்பாணத்தவரின் கல்வி நாட்டத்தை மாறாத மரபுக்குணம் எனக் கொள்வதைவிட, எந்தப் பதவி திறந்திருந்தது, எது மறுக்கப்பட்டது என்பதற்கேற்ப ஒவ்வொரு தலைமுறையும் வகுத்துக்கொண்ட வழியாகக் காண்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.