பீர் விளம்பரம் பாடின பிள்ளைகளும் ஒரு ரிப்போர்ட்டர் அக்காவும்

ஆணி அதிகம் மக்களே, அதான் ரெண்டு மாசமா கடைப்பக்கம் வர முடியல. மன்னிச்சுடுங்க.

நடுவுல நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து சின்னப் பசங்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித் தர்ற ஆப் ஒண்ணு செஞ்சோம். எங்க தெருமுனைல தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கற கட்டடத் தொழிலாளிகளோட பசங்களுக்காக. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, அதுல விழுந்து விழுந்து விளையாடினது எங்க அபார்ட்மெண்ட் பசங்க! கொட்டகைல வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் காலைலயே அப்பாவோட வேலைக்குப் போயிடும். பொட்டி தட்டறவன் மூளைக்கு இது முதல்லயே உறைச்சிருக்கணும். உறைக்கல.

அந்தக் கடுப்புல தேடிப் படிச்சதுதான் ஜோன் கேன்ஸ் கூனியோட கதை. இதே சிக்கல்ல அவங்க ஐம்பது வருஷம் முன்னாடியே, அதுவும் ஒரு நாடு அளவுல, மாட்டியிருக்காங்க.

1929-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர். பட்டம் வாங்கினது கல்வியியல்ல, ஆனா வாத்தியார் வேலைக்குப் போகல. 'அரிசோனா ரிபப்ளிக்' நாளிதழில் நிருபரானார். 1953-ல் நியூயார்க் போய், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு விளம்பரச் செய்தி எழுதிக்கிட்டிருந்தார். 1962-ல் சேனல் 13 என்ற கல்வித் தொலைக்காட்சியில் ஆவணப்பட தயாரிப்பாளர். அப்ப ஹார்லெம் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கான மழலையர் வகுப்பு பத்தி ஒரு படம் எடுத்தார். அதுலேருந்து இந்த விஷயம் அவரை விடவே இல்ல.

1966-ல் அவர் வீட்டுல ஒரு ராத்திரி விருந்து. வந்தவர்கள்ல ஒருத்தர் கார்னகி அறக்கட்டளையின் லாயிட் மாரிசெட். அவரோட மூணு வயசுப் பொண்ணு, விடியற்காலைல நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டிவி முன்னாடி உக்காந்து, வெறும் டெஸ்ட் பேட்டர்னைப் பார்த்துக்கிட்டிருக்குமாம். "டிவியால சின்னப் பசங்களுக்கு ஏதாவது கத்துக்கொடுக்க முடியுமா?"ன்னு அவர் கேட்டார்.

நம்மாளா இருந்தா அன்னிக்கு ராத்திரியே கோடு அடிக்க ஆரம்பிச்சிருப்போம் (ஹி ஹி). அக்கா நிருபராச்சே! அந்தக் கோடையில நாடு முழுக்க, கனடாவுக்கும் போய், மனோதத்துவக்காரங்க, ஆசிரியர்கள், டிவிக்காரங்கன்னு எல்லாரையும் பேட்டி எடுத்து அறிக்கை எழுதினார். அவர் கவனிச்ச ஒரு விஷயம்: பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட பீர் விளம்பரப் பாட்டை அட்சரம் பிசகாமப் பாடுது. அப்ப அதே பாணியில அ-ஆ, ஒண்ணு-ரெண்டு சொன்னா ஏறாதா?

அறிக்கைக்குப் பலன், சுமார் 80 லட்சம் டாலர். ஏறக்குறைய பாதி மத்திய அரசு, மீதி கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகள்னு. ஆனா தலைமைன்னு வந்ததும், ஒரு பொண்ணு சொன்னா ஊர் மதிக்குமான்னு சிலருக்குச் சந்தேகம். ரெண்டாவது ஆளா இருக்க மாட்டேன்னு அவர் உறுதியா நின்னார். 1968-ல் 'சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் வொர்க்‌ஷாப்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு அவர் தலைமையில் பிறந்தது. 1990 வரை அவர்தான் தலைவர்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க செஞ்ச டெஸ்டிங். எட்வர்ட் பால்மர்னு ஆராய்ச்சியாளர், நிகழ்ச்சி ஓடற டிவிக்குப் பக்கத்துல இன்னொரு திரை வெச்சு, ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாத்திக்கிட்டே இருப்பார். குழந்தை கண் எப்ப அங்க திரும்புதோ அந்த இடம் அவுட்! 1969 ஜூலையில் வெள்ளோட்டம் பார்த்தா, மனுஷங்க மட்டும் வர்ற தெருக் காட்சிகள் படு ஃப்ளாப். பொம்மையையும் மனுஷனையும் கலக்காதீங்கன்னு நிபுணர்கள் சொன்னதைத் தூக்கிப் போட்டாங்க. அப்படி வந்தவர்தான் ஜிம் ஹென்சனோட பிக் பேர்ட்.

1969 நவம்பர் 10. 'செசமி ஸ்ட்ரீட்' ஒளிபரப்பாச்சு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவுல வாழறாங்கன்னு 1970 மே மாசம் மிசிசிப்பி மாநில ஆணையம் தடை போட்டு, எதிர்ப்பு கிளம்பினதும் 22 நாள்ல வாபஸ் வாங்கிச்சு. அதே வருஷம் வந்த மதிப்பீடு, அதிகம் பார்த்த பிள்ளைகள் அதிகம் கத்துக்கிட்டாங்கன்னு சொல்லிச்சு. சுபம்?

இல்ல. 1975-ல் தாமஸ் குக் குழுவினர் அதே தரவுகளை மறுபடி அலசினாங்க. அந்த ஆய்வுல பல வீடுகளுக்கு ஆளுங்க நேர்ல போய், பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லித் தூண்டியிருந்தாங்க. அந்தத் தூண்டுதல் இல்லாத பிள்ளைகளுக்குப் பலன் கம்மிதான். வசதியான வீட்டுப் பசங்களும் பார்க்கறதால இடைவெளி குறையறதுக்குப் பதிலா கூடவும் கூடலாம்னு எழுதினாங்க. படிக்கறப்ப எனக்கு எங்க ஆப் ஞாபகம் வந்து சுருக்குன்னுது.

கூனியோட அமைப்பு இந்த ஆபத்தை அறியாம இல்ல. ஈவ்லின் டேவிஸ் தலைமைல ஒரு குழு தொடக்கத்துலயே ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய், டிவி பார்க்க மையங்கள் அமைச்சு, அம்மாக்கள்கிட்ட பேசிச்சு. நிகழ்ச்சி பிரபலமான அளவுக்கு இந்த வேலை வெளிய தெரியல.

நாற்பது வருஷம் கழிச்சு இன்னொரு திருப்பம். 1969-ல் மூணுல ஒரு பங்கு மக்களுக்கு அந்த அலைவரிசை சரியா கிடைக்கல. இதை வெச்சு மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2015-ல் கணக்குப் போட்டாங்க. சிக்னல் நல்லா கிடைச்ச ஊர்ப் பிள்ளைங்க, வயசுக்கேத்த வகுப்புல பின்தங்காம இருந்திருக்காங்க. பின்தங்கிய பகுதிகள்ல பலன் இன்னும் அதிகம். ஆனா பெரியவங்களானப்புறம் சம்பளத்துல மாற்றம் இருந்துதான்னு தெளிவா சொல்ல முடியல.

ஆக, குக் பயந்த அளவுக்கு மோசமில்லைன்னு வெச்சுக்கலாம். ஆனா எங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. டிவி அப்பவே அமெரிக்க ஏழை வீட்லயும் நாள் முழுக்க இருந்துச்சு. கொட்டகை வீட்ல போன் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருது. போன ஞாயித்துக்கிழமை ஆப்பைத் தொடாம, நோட்டும் பேனாவுமா அங்க போய் அம்மாக்கள்கிட்ட கேட்டோம். அவங்க கேட்டது பழைய டேப்லெட் ஒண்ணும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட உக்கார ஒரு ஆளும்.

டேப்லெட் கிடைச்சிருச்சு. ஆள்தான் முறை போட்டுப் போகணும். பெங்களூர் பக்கம் இருக்கறவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்கப்பா!

டிஸ்கி: செவ்வாய்க்கிழமை என் முறை. ஆணி இருந்தாலும் போவேன்.