ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்: குடியை விட்டவர்களே நடத்தும் வீடுகள்

1975-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனை அடுத்த சில்வர் ஸ்பிரிங்கில் இயங்கிவந்த மறுவாழ்வு இல்லம் ஒன்றைச் செலவைக் காரணம் காட்டி மூட உள்ளூர் நிர்வாகம் முடிவெடுத்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஆறு மாதம்தான் தங்கலாம் என்பது இல்லத்தின் விதி. கெடு முடிந்து வெளியேறியவர்கள் மறுபடி குடிக்குத் திரும்புவதை எஞ்சியிருந்தவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். சிகிச்சை முடிந்தவருக்கு முதல் சிக்கலே எங்கே குடியிருப்பது என்பதுதான். பழைய தெருவுக்குப் போனால் பழைய கூட்டாளிகள் காத்திருப்பார்கள்.

அங்கிருந்த 13 ஆண்கள் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்தார்கள்; அதுவே முதல் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். அவர்களில் முன்னின்றவர் பால் மலாய், அமெரிக்க செனட் குழு ஒன்றில் பணியாற்றிய வழக்கறிஞர். மேற்பார்வையாளர், சமையல்காரர், இரவுக் காவலர் என யாரையும் அமர்த்தவில்லை. அதற்குப் பணமும் இல்லை. இந்த ஏழ்மையிலிருந்து பிறந்ததே பிற்பாடு முறையாக நிலைத்தது என்று சொல்லலாம். வீடு வாக்கெடுப்பால் நடக்கும். வாடகையும் செலவும் எல்லோருக்கும் சமப் பங்கு. மறுபடி குடிப்பவர் அல்லது போதைப்பொருள் எடுப்பவர் உடனே வெளியேற வேண்டும். கடைசி விதி கடுமையானது; ஆனால், ஒருவர் பாட்டிலோடு உள்ளே வந்தால் மற்றவர்களின் முயற்சியும் சேர்ந்து சரியும் என்பதை அதை வகுத்தவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். தங்குவதற்குக் கெடு மட்டும் இல்லை.

அன்றாட வாழ்க்கையே அங்கே மருந்து. வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். வரவு செலவை வாசிப்பார்கள், வீட்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வார்கள். தலைவர், பொருளாளர் பொறுப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும். நேற்றுவரை சம்பளத்தைக் குடித்தே தீர்த்தவர் இன்று வீட்டின் காசோலையில் கையெழுத்திடுவார். புதிதாக ஒருவரைச் சேர்க்க 80 சதவீத ஆதரவு வேண்டும். மிச்சமான பணத்தில் அடுத்தடுத்த வீடுகள் எழுந்தன.

1988-ஆம் ஆண்டின் போதை ஒழிப்புச் சட்டம் இம்முறைக்குக் கை கொடுத்தது. ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது 1,00,000 டாலர் சுழல்நிதி வைத்து, வீடொன்றுக்கு 4,000 டாலர் வரை கடன் தர வேண்டும் என்று அது அப்போது விதித்தது. கடனை இரண்டு ஆண்டுகளில் அடைக்க வேண்டியிருந்தது. பணத்தைவிடப் பெரிய தடை அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவினரல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரு குடும்பமாகக் கருதப்பட மாட்டார்கள் என்ற தன் விதியைக் காட்டி அங்கிருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸை எதிர்த்தது. அந்த விதிக்கு வீட்டுவசதிச் சமநீதிச் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லெனார்டு ஜேசன் தலைமையிலான ஆய்வாளர்கள், சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதியை இந்த வீடுகளுக்கும் மறுபாதியை வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பினர். 2006-இல் வெளியான முடிவுகளின்படி, 24 மாதங்களுக்குப் பின் போதையைத் தொட்டவர்கள் வழக்கமான வழியில் சென்றோரில் 64.8 சதவீதம், இந்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டோரில் 31.3 சதவீதம்.