தெரு ரோடு யார் காசு?

எங்க பக்கம் ஒரு தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டா, ரோடு காயுறதுக்குள்ள ஃப்ளெக்ஸ் வந்துடும். இன்னாருக்கு நன்றி என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. பார்க்கிற பெரியவங்களும், "மகராசன், நமக்கு ரோடு குடுத்தாரு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. ஆனா இந்த ரோட்டுக் காசோட கதை 150 வருஷத்துக்கும் மேல பழசு.

1866-இல் சென்னை மாகாணத்தில் மாவட்டச் சாலை வரிக்கென்று ஒரு சட்டம் வந்தது. நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா வரை, ரோட்டுக்காகவே தனி வரி. 1871-இல் வந்த அடுத்த சட்டம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் எல்லாத்தையும் இதோட சேர்த்தது. 1884-இல் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. ஆக, கிஸ்தியோட சேர்த்து ரோட்டுக்கும் அன்னைக்கே கட்டினவன் சம்சாரி. வண்டிக்காரங்க சுங்கச் சாவடியில் தனியாகக் கட்டினாங்க. 1931-இல் மோட்டார் வாகன வரி வந்த பிறகுதான் அந்தச் சாவடிகளை எடுத்தாங்க. திருச்சியில் 'நம்பர் ஒன் டோல்கேட்' என்ற பேர் மட்டும் இன்னைக்கும் இருக்கு.

வரிக் காசு இல்லாம, கம்பெனிக் காசில் வந்த பாதை எப்படி இருக்கும்? அதுக்கு எங்க மலையையே பார்க்கலாம். மூணாறு தேயிலையைக் கீழே இறக்க 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு கட்டி இழுத்தாங்க. 1908-இல் அது சின்ன ரயிலாச்சு. அது வந்து நிற்கிற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பி வழியா தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

பெட்டி கம்பியில் இறங்கின அந்தக் காலத்திலும் ஆளுங்க நடந்துதான் ஏறினாங்க. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏற இன்னைக்கும் நடைபாதைதான். கம்பெனிக் காசு சரக்கு இருக்கிற இடத்துக்குப் போச்சு. அதைத் தப்புன்னு சொல்ல முடியாது, வியாபாரம் அப்படித்தான். சரக்கு எதுவும் இல்லாத, வெறும் ஜனங்க குடியிருக்கிற தெருவுக்கு வரக்கூடியது பொதுக்காசு ஒண்ணுதான். விடியக்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்புற பொம்பளைங்க, ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் இருட்டில் நடக்கிறது அந்தத் தெருவில்தான்.

அந்தக் காசையும் சரியாச் செலவு பண்ணணுமில்ல? பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலேயே புது ரோடு போடுறது நம்ம ஊர் வழக்கம். ஒரு தடவைக்கு நாலு சென்டிமீட்டர்னு வச்சாலும், நாலு தடவையில் தெரு அரை அடி ஏறிடும். அப்புறம் வீட்டு வாசல்படி பள்ளத்தில். எங்களது மலையடிவாரம், மேலே பெய்யுற மழை வேகமா இறங்கி வரும். ரோடு ஏறிப் போயிருந்தா தண்ணி சாக்கடைக்குப் போகாம நேரே வீட்டுக்குள்ளதான் வரும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துட்டு, அதே உயரத்தில் போடணும்னு 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். சென்னையில் இருக்கிற உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிஞ்சதுதானே?

ரோடு யாரும் குடுக்கிறதில்லைங்க. நம்ம தாத்தா அரையணா கட்டினதும், நாம இன்னைக்கு வீட்டு வரி கட்டுறதும், பெட்ரோல் போடும்போது வரி கொடுக்கிறதும்தான் தார் ஆகுது, ஜல்லி ஆகுது. கிராமத்தில் கிராம சபை இருக்கு, நகரத்தில் ஏரியா சபை இருக்கு. நன்றி சொல்றதுக்கு முன்னாடி அங்க மூணு கேள்வி கேளுங்க. மதிப்பீடு எவ்வளவு? கனம் எவ்வளவு? பழசைச் சுரண்டுவீங்களா? காசு கொடுத்தவன் கணக்குக் கேட்கிறதில் என்ன கூச்சம்?