‘வேணும்’ என்றொரு சொல்: முத்துக்குளித்துறையிலிருந்து கோவண்டி வரை

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

கோவண்டியில் நான் குடியிருக்கும் சந்தில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஒரு சிறிய அறையில் செபக்கூட்டம் நடைபெறுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்த குடும்பத்தினர். அவர்களுள் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. காசநோய்க்கு மருந்து உண்டுவந்தார். மூன்றாம் மாதம் காய்ச்சல் விட்டது, இருமலும் நின்றது. கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். மறுநாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். “சுகம் வேணும்னு கேட்டேன் தம்பி, கிடைச்சிருச்சு. இன்னும் மாத்திரை தின்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிடாதா?” என்றார்.

அவர் பேச்சில் இருந்த இரண்டு சொற்கள் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. ஒன்று ‘வேணும்’. மற்றொன்று ‘விசுவாசம்’. தமிழ்க் கிறித்தவத்தின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றில், 1544ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், இவ்விரு சொற்களும் எதிரெதிராக நிற்கின்றன. அந்தக் கதையைச் சொல்லவே இப்பதிவு.

முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் முதலில் வந்தது. பிரசங்கம் பின்னரே வந்தது. முத்துக் குளிக்கும் உரிமை தொடர்பான மோதலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் அவர்களுக்கு அவர்கள் மொழியில் மறையைக் கற்பிக்க ஆளில்லை. பிரான்சிஸ்கு சவேரியார் கோவாவிலிருந்து 1542ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடிப் பகுதியை அடைந்தபோது நிலைமை இதுதான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களை உடன் வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைப் பெருமுயற்சியுடன் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். பிற்காலப் புனிதர் வரலாறுகள் அவருக்குப் பன்மொழி பேசும் அற்புத வரம் இருந்ததாகப் போற்றுகின்றன. அவருடைய கடிதங்களில் நாம் காண்பதோ, வாய்க்கு வராத மொழியோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதரை.

1544இல் தம் உடன்பணியாளர் மான்சிலாஸ் என்பவருக்கு அவர் அனுப்பிய திருத்தம் அதற்குச் சான்று. விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்தில் ‘வேணும்’ என்று சொல்லிவருகிறோம். அச்சொல்லுக்கு ‘விரும்புகிறேன்’ என்றே பொருள். அதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்பது அதன் சாரம். அதுவரை கடற்கரை மக்கள் ‘கடவுளை நம்புகிறேன்’ என்பதற்குப் பதிலாகக் ‘கடவுள் எனக்கு வேணும்’ என்ற பொருளில் ஓதிவந்திருக்கிறார்கள்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இக்கடிதத்தில் எனக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, இலக்கியத் தமிழின் ‘வேண்டும்’ இங்கில்லை. பேச்சுத் தமிழின் ‘வேணும்’ அயலார் ஒருவர் காதில் விழுந்தபடியே பதிவாகியுள்ளது. கோவண்டி அக்காவின் வாயில் இன்று வருவதும் அதே வடிவம். இரண்டாவது, இலக்கணம் சார்ந்தது. ‘எனக்கு வேணும்’ என்பதில் பேசுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தேவை அவருக்கு நேர்கிறது. அவர் அதைச் செய்வதில்லை. ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்பதில் அவரே எழுவாய். பசிக்கிறது, வலிக்கிறது, காய்ச்சலடிக்கிறது எனத் தமிழில் உடலின் துன்பங்கள் பல ‘எனக்கு’ என்றே தொடங்குகின்றன. நோயுற்றவர் ‘எனக்கு’ என்று வருகிறார். பிரசங்கம் அவரை ‘நான்’ என்று சொல்லப் பழக்குகிறது. குணமளித்தலும் போதித்தலும் சந்திக்கும் இடம் இதுவே.

இனி, சவேரியார் எழுதிய குணமளிப்புகளுக்கு வருவோம். 1542 அக்டோபர் 28 தேதியிட்ட கடிதத்தில், கிறித்தவரல்லாத ஓர் ஊரில் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த பெண் ஒருவரைப் பற்றி இஞ்ஞாசியாருக்கு எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவளுக்கு மறையை விளக்கினார், அவள் ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றாள், குழந்தை பிறந்தது. 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இன்னொரு செய்தி உள்ளது. நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் தம்மால் செல்ல இயலாததால், செபங்களைக் கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டிப் பிரமாணத்தைச் சொல்ல வைத்தனர். பலர் நலம் பெற்றனர் என்றும், வீட்டாரின் விசுவாசத்தை முன்னிட்டு இறைவன் இரங்கினார் என்றும் எழுதுகிறார். தமக்கென அவர் எதையும் கோரவில்லை. நோயாளியின் பாயைச் சுற்றி ஊரைக் கூட்டியதே அங்கு நடந்த பணி.

அவர் 1552இல் மறைந்தபின் நிலைமை மாறியது. போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜானின் ஆணைப்படி 1556, 1557ஆம் ஆண்டுகளில் அவருடைய வாழ்வையும் அற்புதங்களையும் குறித்துச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். கோவா, கொச்சி, மலாக்கா ஆகியவற்றுடன் நம் மும்பைக்கு வடக்கேயுள்ள வசையிலும் அவ்விசாரணை நடைபெற்றது. அற்புதங்களின் பட்டியல் நீண்டது. 1622இல் புனிதர் பட்டம் வந்தது. சாட்சிகள் பொய்யுரைத்தனர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘வேணும்’ என்ற பிழையைத் தாமே கண்டு திருத்திய மனிதரை அப்பட்டியல் மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

அந்த மனிதரின் உண்மையான வாரிசு என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார். 1547 முதல் இக்கடற்கரையில் பணியாற்றினார். 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இவர் தந்தது. பலரும் சொல்லாமல் விடுவது, 1550களின் தொடக்கத்தில் புன்னைக்காயலில் இவர் ஏற்படுத்திய மருத்துவமனையை. ஊர்மக்களின் பொருளுதவியால் அது நடந்தது. தமிழை நன்கு கற்ற முதல் ஐரோப்பியப் போதகர், செபம் சொல்லும் ஊரிலேயே நோயாளிக்குக் கட்டிலும் போட்டார். இது புதுமையுமன்று. நான்காம் நூற்றாண்டிலேயே, 370ஆம் ஆண்டளவில், செசரியாவின் ஆயர் பசிலியார் தம் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லம் அமைத்திருந்தார்.

நற்செய்தி நூல்களிலும் இதற்கு வேர் உண்டு. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் இயேசுவை நோக்கிக் குரலெழுப்புகின்றனர். குருக்களிடம் சென்று தங்களைக் காட்டும்படி அவர் அனுப்புகிறார். லேவியராகமத்தின் முறைப்படி, தோல்நோயைப் பார்த்து, ஏழுநாள் தனியே வைத்து, மீண்டும் பார்த்து, நீங்கிற்று என்று அறிவிக்கும் பொறுப்பு குருவினுடையது. குணமாயிற்று என்று நோயாளி தாமாக அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. குணமளித்தவரே அப்பரிசோதனைக்கு அனுப்புகிறார். பரிசோதனை விசுவாசத்துக்கு எதிரானதன்று. அங்கே விசுவாசம் பரிசோதனையை நோக்கி நடந்து செல்கிறது.

இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். காசநோயில் சில வாரங்களிலேயே இருமல் தணிந்துவிடும், கிருமி மறைந்திருக்கும், குறைந்தது ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும், இடையில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம் என்பதையும் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. “அந்தப் பத்துப் பேரும் போனாங்களா?” என்று மட்டும் கேட்டார். போனார்கள் என்றேன்.

திங்கட்கிழமை காலை சளிப் பரிசோதனைக்கு உடன் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அட்டையைப் புரட்டி, விடுபட்ட பத்தொன்பது நாள்களையும் விரலால் எண்ணிக் குறித்துக்கொண்டார். மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் அக்கா போகிறார்.

செபக்கூட்டம் நடத்தும் நண்பர்கள் எவரேனும் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். சாட்சி சொல்ல எழுந்து நிற்பவரிடம், மாத்திரை இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சவேரியாரே தம் சொல்லைத் திருத்திக்கொண்டார். நாமும் திருத்திக்கொள்ளலாம்.